நத்தைகள் சுவரேறிய ஞாயிறு

சுங்கை பாக்காப்பில் ஒரு கல்யாண விருந்தின் நடுவில்தான் எனக்கு மீன் வளர்க்கும் எண்ணம் வந்தது. அப்போது கையில் பாயாசம் குடித்து முடித்த பிளாஸ்டிக் கோப்பை இருந்தது. அது மட்டும் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சித்தி மகளுக்குக் கல்யாணம். மாதா கோயிலில் பூசை முடிந்து, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மண்டபத்துக்கு எல்லாரும் வந்திருந்தோம். உள்ளே ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. கை கழுவும் சாக்கில் பின்பக்கம் நழுவினேன். மண்டபச் சுவருக்கும் செம்பனை மரங்களுக்கும் நடுவே ஒரு மண் வடிகால் ஓடியது. நாங்கள் லோங்காங் என்போம். தேநீர் நிறத் தண்ணீர். புல் சாய்ந்துகிடந்த ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை நுரை. யாரோ சோப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பினேன். நுரைக்கு அடியில் ஏதோ நீலமாக மின்னியது. நின்றுவிட்டேன்.

சண்டைமீன். கடையில் புட்டிக்குள் பாவாடை போல வாலை விரித்துக்கொண்டு நிற்குமே, அந்த இனம் இல்லை. இது இந்த மண்ணின் காட்டு மீன். சுண்டுவிரல் நீளம், கறுத்த உடம்பு, செதிலுக்குச் செதில் பச்சையும் நீலமும் கலந்த பொட்டு, வால் ஓரத்தில் பிறை போல ஒரு சிவப்பு. வாயில் காற்றை வாங்கி, குமிழாக்கி, நுரையில் கொண்டுபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறக்கப்போகும் குஞ்சுகளுக்கு வீடு! உள்ளே இருநூறு பேர் ஒரு கல்யாணத்துக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே இவன் சத்தமே இல்லாமல் குடித்தனத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். இதை நம் வீட்டில் கட்டவைத்தால் என்ன என்று அந்த நொடியில் தோன்றியது.

புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஆணைக் கோப்பையால் மொண்டேன். பக்கத்துப் புல்லில் கோடுபோட்ட பழுப்பு நிறப் பெண் ஒன்றும் அகப்பட்டது. ஐஸ் தேநீர் வாங்கி வந்த பிளாஸ்டிக் பைகளை அலசி, ஆளுக்கொரு பையில் விட்டு ரப்பர் வளையம் போட்டேன்.

கடல் பாலத்தில் தீவுக்குத் திரும்பி வரும்போது அப்பா காரின் கண்ணாடியில் பார்த்தார். "பையக் கெட்டியாப் பிடிச்சுக்க. என் கார் சீட்ல சிந்திச்சு, நீயும் உன் மீனும் இங்கயே எறங்கிக்கலாம்."

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கல்யாணத்துக்குப் போனா எல்லாரும் பலகாரத்தப் பொட்டலமா தாப்பாவ் பண்ணிட்டு வருவாங்க. இவ லோங்காங் மீனக் கட்டிக்கிட்டு வரா."

எங்கள் வீடு ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடியின் எட்டாவது தளம். இடம் என்று சொன்னால் சமையலறையின் பின்மேடை மட்டும்தான். அங்கே ஒரு கண்ணாடித் தொட்டியில் ஜோடியை விட்டேன். பசாரில் மீன்காரர் கழித்துப்போட்ட வெள்ளை நுரைப்பெட்டி ஒன்றைக் கழுவிக் குஞ்சுகளுக்குத் தயாராக வைத்தேன். தண்ணீரைப் பதமாக்க அதில் கெத்தாப்பாங் எனும் நாட்டு வாதுமை மரத்துக் காய்ந்த இலை ஒன்று மிதந்தது. மூன்றாம் வாரமே கூடு, முட்டை, குஞ்சு எல்லாம் ஆகிவிட்டன. குஞ்சு என்றால் கண்ணிமை முடி ஒன்று நீந்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அறுபது இமைமுடிகள். முட்டைக்கோசு இலை ஊறிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகும். அதைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். அவை குடித்து வயிறு வெளுத்து நின்றபோது நானே பெற்றதைப் போலத் திரிந்தேன்.

ஒரு வாரம் எல்லாம் சரியாக இருந்தது. பெட்டித் தண்ணீர் கெட்டுவிடக்கூடாதே என்று எட்டாம் நாள் முதல் தினமும் ஒரு டம்ளர் எடுத்துவிட்டு ஒரு டம்ளர் புதுத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினேன். பதினைந்தாம் நாள் காலையில் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. அடியில் வெள்ளையாகத் தூசி போல ஏதோ படிந்திருந்தது. அது தூசி இல்லை என்று புரிய கொஞ்ச நேரம் ஆனது.

நான் அழுகிற சாதி இல்லை. எரிச்சல்படுகிற சாதி. கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு வேதியியல் படிக்கிறேன். தண்ணீரில் ஒரு உயிர் சாகிறதென்றால் காரணம் தண்ணீரில் இருக்கவேண்டும். ஒரு பால்புட்டியில் பெட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா புட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "பிள்ளைய யார்கிட்டமா விட்டுட்டு வந்தே?" என்றார். ஆய்வுக்கூடத்தில் சோதனைப் பட்டைகளை ஒவ்வொன்றாக நனைத்தேன். அம்மோனியா இல்லை. குளோரின் இல்லை. புளிப்பும் அளவாகத்தான் இருந்தது. மீன் புத்தகங்கள் எதையெல்லாம் பார்க்கச் சொல்கின்றனவோ அத்தனையும் பார்த்தேன். அதே டப்பாவில் தொடாமல் விட்ட பட்டை ஒன்று இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பசாருக்குப் பின்னால் மீன்கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"உப்புப் போட்டியா?"

"போட்டேன் அண்ணே."

"அதான் தப்பு. போடக்கூடாது."

"மொதப் பத்து நாள் போடாமலும் பார்த்தேன் அண்ணே."

"அப்ப அதுவும் தப்புதான்லா," என்று சொல்லிவிட்டு, ஒரு மஞ்சள் மருந்தை என் கையில் திணித்தார். "மனசத் தளரவிடாத தங்கச்சி. ஒனக்குக் கைராசி இல்ல, அவ்வளவுதான். வேணும்னா கப்பி மீன் வளரு. அது நீ அடிச்சாலும் சாகாது."

கப்பி மீன்! அந்த ஒரு சொல்லுக்காகவே விடக்கூடாது என்று முடிவு செய்தேன். மருந்தைத் திறக்கவில்லை. தொட்டிக்கு அவரிடம் ஒரு கட்டு நீர்ப்பாசி மட்டும் வாங்கினேன். அதோடு காசில்லாமல் பட்டாணி அளவு நத்தைகள் சில ஒட்டிக்கொண்டு வந்தன. நத்தை மிச்ச உணவைத் தின்று பெட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று படித்திருந்ததால் குஞ்சுப்பெட்டியிலும் நான்கைப் போட்டேன்.

இரண்டாம் ஈடு. இந்த முறை உணவை மாற்றினேன், பெட்டியை மாற்றினேன், மின்விசிறிக் காற்று படாமல் மூடி போட்டேன், எறும்புக்குச் சுண்ணாம்புக் கோடு இழுத்தேன். சுத்தத்தில் குறை வேண்டாம் என்று தண்ணீரை ஒரு டம்ளருக்குப் பதில் இரண்டு டம்ளர் மாற்றினேன். முன்பு பதினைந்து நாள் தாங்கினவை இப்போது பன்னிரண்டே நாளில் முடிந்துபோயின. எவ்வளவு கவனமாக இருந்தேனோ அவ்வளவு சீக்கிரம் செத்தன. அதைக் கவனித்தேன். கவனித்தும் புரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பாவை நச்சரித்து சுங்கை பாக்காப்புக்குப் போனேன். இன்னும் இரண்டு ஜோடி பிடித்து வந்தால் நிதானமாகச் சோதிக்கலாம் என்று கணக்கு. மண்டபத்தின் பின்னால் போய்ப் பார்த்தால் மண் வடிகால் இல்லை. கம்பி கட்டி, சிமெண்டு ஊற்றி, நேர்கோடாக ஒரு கால்வாய். அதன் அடியில் விரலளவு தண்ணீர் வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது. ஒரு கிலோமீட்டர் நடந்தேன். எங்கும் சிமெண்டுதான்.

"வேற லோங்காங் இல்லாமலா போயிரும்?" என்றார் அப்பா.

இருக்கும். ஆனால் இந்த வடிகாலின் மீன் இனி என் சமையலறையில் மட்டும்தான் இருந்தது. ஒரு ஆண், ஒரு பெண். ஆணுக்கு வயதாகிவிட்டது. பிறை போன்ற வால் ஓரம் கிழிந்து, முதுகு லேசாக வளைந்திருந்தது. இன்னும் ஒரு கூடு கட்டுவான். அதற்கு மேல் கட்டுவானா என்று எனக்கு நம்பிக்கையில்லை.

இரண்டு மாதம் அவனுக்கு நல்ல தீனி போட்டுத் தேற்றினேன். மூன்றாம் முறை அவன் கட்டிய கூடு ஒரு நாணயம் அகலம்தான் இருந்தது. குமிழ் ஒட்டிவிட்டு நடுவில் நின்று இளைப்பாறினான். எப்படியோ நாற்பத்தொரு குஞ்சுகள் நீந்த வந்தன. அவனைப் பிரித்துத் தனிப்புட்டியில் விட்டபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை. இது கடைசி ஈடு என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

எட்டாம் நாள் நாற்பத்தொன்று. பத்தாம் நாள் முப்பத்துமூன்று. பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, எண்ணி முடிக்கும்போது இருபத்துமூன்று. பூசைக்குப் போனேன். என்ன பிரசங்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருபத்துமூன்று, இருபத்துமூன்று என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வீடு திரும்பியதும் சமையலறையிலிருந்து அம்மாவின் கத்தல்.

"ஏய், வந்து பாருடி! ஒன் நத்த மறுபடியும் என் சுவத்துல ஏறுது!"

வெள்ளைப் பளிங்குச் சுவரில் நான்கு நத்தைகள், குஞ்சுப்பெட்டிக்கு மேலே, வரிசையாக. நான் ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தேன். அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அது என்னா கணக்குன்னு எனக்குப் புரியல. அந்தக் கண்ணாடித் தொட்டியில இருக்கறதெல்லாம் மரியாதையா இருக்கு. இந்தப் பெட்டியில இருக்கறதுக்கு மட்டும்தான் ஊர் சுத்துற ஆச. குஞ்சு இருக்கறப்பல்லாம் வாரா வாரம் இதே வேல."

"வாரா வாரமாம்மா?"

"ஆமா. ஞாயித்துக்கெழம ஆனா போதும். அதுங்களும் பூசைக்குப் பொறப்படுது போல."

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே பாசிக்கட்டில் வந்த நத்தைகள். கண்ணாடித் தொட்டியில் முட்டையிட்டுப் பெருகுகின்றன. பெட்டியில் இருந்து ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமையில் அதிகம் ஓடுகின்றன.

"சனிக்கெழம வீட்டுல என்னம்மா பண்ணுவ?"

"என்னத்தப் பண்ணுவேன்? கூட்டுவேன், தொடைப்பேன், துணி காயப் போடுவேன், கொடம் தேய்ப்பேன்..."

குடம்.

பெரியம்மா வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு, செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று அம்மா வாங்கிய குடம். தினமும் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் அதில்தான் ராத்திரி முழுக்க நிற்கும். சனிக்கிழமை தோறும் உள்ளும் புறமும் புளியும் உப்பும் போட்டு, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்ப்பார். பெரிய மீன்களுக்கு நான் வாளியில் பிடித்துவைத்த குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றினேன். குஞ்சுகளுக்கு மட்டும், கிருமி வேண்டாம், குளோரின் வேண்டாம், பச்சைப்பிள்ளைகளுக்குக் காய்ச்சிய தண்ணீர் என்று குடத்தில் இருந்து மொண்டு ஊற்றினேன்.

என் மனதில் அதன் பெயர் காய்ச்சிய தண்ணீர். மூன்று ஆண்டு வேதியியல் படித்தவளுக்கு ஒரு நாள்கூட அது செம்புத் தண்ணீர் என்று தோன்றவில்லை. நத்தைக்கும் இறாலுக்கும் செம்பு ஆகாது என்று ஏதோ ஒரு வகுப்பில் படித்து, எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்! புதிதாகத் தேய்த்த செம்பு அன்று ராத்திரி இன்னும் அதிகமாகத் தண்ணீரில் கரையும், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் அதனால்தான். செல்லம் கொடுத்தே கொன்றிருக்கிறேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்து சொன்னேன். அப்பா கையில் இருந்த டம்ளரை மேசையில் மெதுவாக வைத்தார்.

"நாங்க அதத்தான குடிக்கிறோம்?"

"நீங்க நத்த இல்லப்பா."

"உங்கம்மாவக் கேட்டுப் பாரு."

அம்மா சிரிக்கவில்லை. குடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தாழ்ந்த குரலில், "நீ தண்ணி மாத்திட்டு காலேஜுக்குப் போனப்பறம் நானும் தெனம் இதுல இருந்து ஒரு டம்ளர் ஊத்துவேன்டி," என்றார்.

"எப்ப இருந்து?"

"ரெண்டாவது தடவயில இருந்து. நீ மொத தடவ அப்படி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தியா, மனசு கேக்கல. வெயில்ல தண்ணி சூடாவுதேன்னு... பாவம், குஞ்சுங்க."

லோங்காங் மீன் என்று ஒதுக்கிய அம்மா. "ரெண்டு பேருமா சேர்ந்து நல்லாத்தான் வளர்த்திருக்கோம்," என்றேன். அம்மா என் தலையில் தட்டினார். அதற்குள் இருவரும் வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தோம்.

ஒரேயடியாக மாற்றினால் அந்த அதிர்ச்சியே அவற்றை முடித்துவிடும். மெல்லிய குழாய் வழியாக வாளித் தண்ணீரைச் சொட்டவிட்டு, மதியத்துக்குள் பாதி, மாலைக்குள் மீதிப் பாதி மாற்றினோம். குழாயை அம்மா பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறி அடுப்பில் அடிப்பிடித்தது. அப்பா போய் அடுப்பை அணைத்தார்.

சந்தேகம் சந்தேகமாகவே நிற்கக்கூடாதே. மூன்று ஐஸ்கிரீம் டப்பாக்களை எடுத்தேன். ஒன்றில் வாளித் தண்ணீர், ஒன்றில் கெத்தலில் காய்ச்சி, குடத்தில் ஊற்றாமல் நேராக ஆறவைத்தது, ஒன்றில் குடத்துத் தண்ணீர். கண்ணாடித் தொட்டியில் இருந்து ஆளுக்கு இரண்டு நத்தைகள். மறுநாள் காலை முதல் இரண்டு டப்பாவிலும் நத்தைகள் கொம்பு நீட்டி நடந்துகொண்டிருந்தன. மூன்றாவதில் ஒன்று மேசையில் கிடந்தது, ஒன்று ஓட்டுக்குள் சுருங்கி அடியில் கிடந்தது. இரண்டையும் உடனே நல்ல தண்ணீரில் போட்டேன். ஒன்று பிழைத்தது.

குடத்துத் தண்ணீரை அதே பால்புட்டியில் கெலுகோருக்குக் கொண்டுபோனேன். தொடாமல் விட்ட அந்த ஒரு பட்டை தாமிரத்துக்கானது. நனைத்ததும் நிறம் மாறியது. வாளித் தண்ணீரில் நனைத்தேன், அப்படியே இருந்தது. ஆய்வுக்கூடத்தில் நான் கத்திய கத்தலில் பக்கத்து மேசைக்காரி எதையோ கொட்டிவிட்டதாக நினைத்து ஓடி வந்தாள்.

திங்கள் காலை எண்ணியபோது பத்தொன்பது. நஞ்சு ஏறிவிட்டவை போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் இன்னொரு தரம் எண்ணினேன். செவ்வாய் பதினேழு. புதன் பதினேழு. வியாழன் எனக்குக் காலை வகுப்பு. பஸ்ஸில் இருக்கும்போது அம்மாவிடம் இருந்து குரல்செய்தி. மூச்சுவாங்கிக்கொண்டே, "பதினேழு. மூணு தரம் எண்ணிட்டேன். ஒண்ணு இலைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்துச்சு, கள்ளன்."

பதினேழு! அடுத்த வாரமும் பதினேழு, அதற்கடுத்த வாரமும் பதினேழு. அம்மா சுவர்க் காலண்டரில் தினமும் பதினேழு என்று எழுதினார். ஒரு கட்டத்தில் எழுதுவதை நிறுத்தினார். எண்ணவேண்டிய அவசியம் தீர்ந்துபோனதுதான் எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

ஏழாம் வாரம் ஒன்றின் கன்னத்தில் நீலப் பொட்டு வந்தது. முதலில் பார்த்தது அம்மாதான். எனக்கு முன்னால் தான் பார்த்ததை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அதன் வால் ஓரத்தில் சிவப்புப் பிறை விழுந்த அன்று, கிழவனின் புட்டியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். வளைந்த முதுகோடு மெதுவாக வந்து பார்த்தான். பிறகு கிழிந்த வாலை விரித்து, செவுளைத் தூக்கி, மகனுக்கு ஒரு மிரட்டல் விட்டான். மகனும் விட்டான். இரண்டு பேரின் பிறையும் ஒரே வளைவு.

மீன்கடை அண்ணனிடம் ஒரு குஞ்சைப் புட்டியில் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தன பொழச்சுச்சு?"

"பதினேழு."

"எப்படி?"

"அம்மாவோட செம்புக் கொடம் அண்ணே. அதுல இருந்து தண்ணி ஊத்தறத நிறுத்தினேன்."

புட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நானும் அதத்தான் சொல்ல வந்தேன்," என்றார். நான் முறைத்தேன். "சரி சரி, கப்பி மீன் பேச்ச வாபஸ் வாங்கிக்கிறேன்லா. ரெண்டு ஜோடி எனக்குக் குடு."

கொடுக்கமாட்டேன், இப்போதைக்கு. அடுத்த வேலை இருக்கிறது. இந்தக் காட்டு இனம் ஒன்றையொன்று கொன்று தின்கிற அளவுக்கு மூர்க்கம் இல்லை. இடம் தாராளமாக இருந்தால் தகப்பனைப் பிரிக்காமலே குடும்பமாக வாழும் என்று படித்திருக்கிறேன். அந்த மண் வடிகாலில் அப்படித்தானே இருந்திருக்கும்? அதனால் வாசல் நடைபாதையில், காலைவெயில் மட்டும் விழும் மூலையில், பெரிய கறுப்புத் தொட்டி ஒன்று வைக்கிறோம். அடியில் மண், மேலே புல், மிதக்கும் இலை, தேநீர் நிறத் தண்ணீர். பதினேழில் பொறுக்கி எடுத்த மூன்று ஜோடி. நான் குஞ்சைப் பிரிக்கமாட்டேன், ஊட்டமாட்டேன், ஒரு டம்ளரும் ஊற்றமாட்டேன். அவை தாமாகவே பெருகுமா என்று பார்க்கவேண்டும்.

"தேங்கின தண்ணிய வெளிய வச்சா டெங்கி கொசுன்னு சுகாதார அதிகாரி வருவாங்க. நீதான் பேசணும்," என்றார் அம்மா.

"கொசுப்புழுவத் திங்கத்தாம்மா அதுல ஆறு அதிகாரிங்க இருக்காங்களே."

தொட்டி நேற்று வந்தது. அம்மா போட்ட நிபந்தனைப்படி மீனுக்கு முன்னால் நத்தை இறங்கவேண்டும். இன்று காலை செத்துப் பிழைத்த அந்த ஒரு நத்தையை அம்மா தம் கையாலேயே தண்ணீரில் விட்டார். மூன்று நாள் அது சுவரேறாமல் இருந்தால், ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மீனை இறக்குகிறோம்.